ஈறுத் துணுக்கிலிருந்து மரபணுப் பட்டியல் வரை: பல் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்க்கும் உயிரித்தகவலியலாளருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பல் மருத்துவக் கல்லூரியில் உயிரித்தகவலியலாளராக, அதாவது உயிரியல் தரவைக் கணினியில் ஆராய்பவராக, சேர்பவரிடம் முதலில் வரும் கோரிக்கை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பன்னிரண்டு மாதிரி சீக்வென்சிங் முடிந்து வந்திருக்கிறது. எந்த மரபணுக்கள் மாறியிருக்கின்றன என்று பார்த்துச் சொல்ல முடியுமா?" முடியும். சீக்வென்சிங் என்பது திசுவில் எந்த மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு இருக்கிறது என்று படித்தெடுப்பது; அந்தத் தரவில் மென்பொருளை ஓட்டினால் ஏதாவது ஒரு பட்டியல் கட்டாயம் வரும். அந்தப் பட்டியல் நோயைப் பற்றிச் சொல்கிறதா, நோயாளியின் வயதைப் பற்றிச் சொல்கிறதா, கத்தி எவ்வளவு ஆழம் போனது என்பதைச் சொல்கிறதா என்று பிரித்தறிவதுதான் கடினம். அதில் பெரும்பகுதி, தரவு கணினிக்கு வருமுன்பே, மருத்துவர் திசுவை வெட்டியெடுக்கும் நாற்காலியின் அருகிலேயே முடிவாகிவிடுகிறது.

அதனால் இந்த வழிகாட்டி மென்பொருளில் தொடங்கவில்லை. ஈறுநோயின் முற்றிய வடிவமான பெரியோடான்டைடிஸை முழுநீள எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். இதற்கு நல்ல பொதுத் தரவும் இருக்கிறது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியின் குழு 120 நோயாளிகளிடமிருந்து எடுத்த 310 ஈறுத் திசுக்களின் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பதை, அளந்து, ஜிஇஓ தரவுக் களஞ்சியத்தில் ஜிஎஸ்இ16134 என்ற எண்ணில் வைத்திருக்கிறது. 241 மாதிரிகள் நோயுற்ற இடத்திலிருந்தும் 69 ஆரோக்கியமான இடத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கைப்பழக்கத்துக்கு இதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் பல சிக்கல்களை இதிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

முதல் படி: வாயைத் தெரிந்துகொள்ளுங்கள்

கணினி அறையிலிருந்து எழுந்து கிளினிக்குக்குப் போங்கள். பெரியோடான்டிக்ஸ் துறையில் ஓர் அறுவையையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். ஈறுத் துணுக்கு என்பது சில மில்லிகிராம் எடையுள்ள சின்னஞ்சிறு துண்டு. அதன் மேற்புறம் கெரட்டின் என்ற புரதம் நிறைந்த எபிதீலியம், அதாவது மேல்தோல். அடியில் கொலாஜன் நாரும் அதை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் இரத்தக் குழாய்களும் உள்ள இணைப்புத் திசு. நோய் வந்த இடமென்றால் பிளாஸ்மா செல், பி செல், டி செல், நியூட்ரோஃபில் என்று எதிர்ப்புச் செல்கள் கூட்டமாக வந்து நிறைந்திருக்கும். கத்தியைக் கொஞ்சம் மேலோட்டமாக வைத்தால் எபிதீலியம் கூடும். கொஞ்சம் ஆழமாகப் போனால் இணைப்புத் திசு கூடும். இரண்டுமே "ஈறு" என்ற ஒரே பெயரில்தான் உங்கள் அட்டவணைக்கு வந்து சேரும்.

மருத்துவர்கள் எதை அளக்கிறார்கள் என்றும் கற்றுக்கொள்ளுங்கள். ஈறுப்பையின் ஆழம் மில்லிமீட்டரில், பல்லோடு ஈறு கொண்டிருந்த பிடிப்பு எவ்வளவு இழந்திருக்கிறது என்பது மில்லிமீட்டரில், கருவியால் தொட்டால் இரத்தம் கசிகிறதா இல்லையா. இந்த மூன்றும்தான் அடிப்படை. பிடிப்பு இழப்பு கடந்தகாலச் சேதத்தின் கணக்கு. இரத்தக்கசிவு இன்றைய அழற்சியின் அடையாளம். மரபணு வெளிப்பாடு இன்றைய நிலையைக் காட்டும் அளவீடு என்பதால், பகுப்பாய்வில் கசிவு பற்றிய பதிவுக்கு நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிக மதிப்பு உண்டு. புகைபிடிப்பவர்களிடம் மட்டும் இதை அப்படியே நம்பக் கூடாது. புகையிலை ஈறின் இரத்தக்கசிவை மறைத்துவிடும். கசிவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகைபிடிப்பவரின் ஈறை ஆரோக்கியமானது என்று குறித்தால் ஒப்பீடே சாய்ந்துவிடும்.

நோயின் பெயர்களும் மாறியிருக்கின்றன. 1999 வகைப்பாட்டின்படி நாள்பட்டது, தீவிரமானது என்று இரு பெரும் வகைகள் இருந்தன. 2017 உலகப் பட்டறைக்குப் பிறகு, 2018-இல் வெளியான வகைப்பாட்டில் அந்தப் பிரிவு போய், ஒன்று முதல் நான்கு வரை நிலைகளும் ஏ, பி, சி என்ற தரங்களும் வந்தன. பழைய தரவையும் புதிய தரவையும் சேர்க்கும்போது பெயர்களைத் தோராயமாகப் பொருத்தாமல், மூல அளவீடுகளைக் கேட்டு வாங்கி நீங்களே ஒரே வரையறையில் வகைப்படுத்துங்கள். பல் எண்ணிலும் இதே எச்சரிக்கை தேவை. இந்தியாவிலும் உலகின் பெரும்பகுதியிலும் பயன்படும் எஃப்டிஐ முறையில் 16 என்றால் மேல் வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவின் யூனிவர்சல் முறையில் அதே 16 மேல் இடது ஞானப்பல்.

இரண்டாம் படி: "ஆரோக்கியமான ஈறு" யாருடையது?

இந்த ஒரு கேள்விக்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்கலாம், தகும்.

முற்றிலும் ஆரோக்கியமானவரின் ஈறை யாரும் காரணமில்லாமல் வெட்ட மாட்டார்கள். ஆகவே ஆரோக்கிய மாதிரிகள் பெரும்பாலும் பல்லின் வெளித்தெரியும் பகுதியைக் கூட்ட ஈறைக் குறைக்கும் கிரவுன் லெங்தனிங் அறுவையிலிருந்தோ, ஞானப்பல் எடுக்கும்போதோ, பல்வரிசை சீரமைப்புக்காக முன்கடைவாய்ப்பல் எடுக்கும்போதோ கிடைக்கும். நோய் மாதிரிகள், ஈறை விலக்கித் திறந்து சுத்தம் செய்யும் ஃப்ளாப் அறுவையிலிருந்து வரும். இப்போது யோசித்துப் பாருங்கள். பல்வரிசையைச் சீர்செய்ய வருபவருக்கு இருபது வயது இருக்கும். முற்றிய ஈறுநோய்க்கு அறுவை செய்துகொள்பவருக்கு ஐம்பது இருக்கும். ஞானப்பல்லைச் சுற்றிய ஈறும் முன்பல்லின் ஈறும் வேறுவேறு இடங்கள். இந்த நிலையில் கிடைக்கும் "நோய் மரபணுக்கள்" வயது மரபணுக்களாகவோ இட மரபணுக்களாகவோ இருக்கலாம். எந்தப் புள்ளியியல் முறையாலும் பின்னால் அதைப் பிரிக்க முடியாது. பிற்காலத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அன்போடு, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

இன்னொரு வழி, ஒரே நோயாளியின் வாயில் நோயுற்ற இடத்திலிருந்து ஒன்றும் நோயில்லாத இடத்திலிருந்து ஒன்றும் எடுப்பது. கொலம்பியாக் குழு இந்த வழியில்தான் போனது. வயது, பாலினம், மரபு, புகை, சர்க்கரை நோய் எல்லாம் இரு மாதிரிக்கும் பொதுவாகிவிடுவதால் ஒப்பீடு மிகவும் கூர்மையாகும். ஆனால் கேள்வி மாறிவிடுகிறது என்பதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லவேண்டும். நோயாளியின் வாயிலுள்ள அழற்சியில்லாத இடம், நோயே இல்லாதவரின் ஈறுக்குச் சமமாகாது. "இந்த இடம் ஏன் கெட்டது, பக்கத்து இடம் ஏன் தப்பித்தது?" என்பதற்கு இந்த வடிவமைப்பு அருமையானது. "இவருக்கு ஏன் நோய் வந்தது, அவருக்கு ஏன் வரவில்லை?" என்பதற்கு இதில் பதில் கிடைக்காது. எந்தக் கேள்வி என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்ததற்குப் போங்கள். என் அனுபவத்தில் இந்த ஒரு வாக்கியம் எழுதப்படாத திட்டங்கள்தான் கடைசியில் அதிகம் இழுத்தடிக்கின்றன.

மூன்றாம் படி: திசு எடுக்கும் நாளுக்கான படிவம்

மாதிரி எடுப்பவர் பெரும்பாலும் எம்டிஎஸ் என்ற பல் மருத்துவ முதுநிலைப் படிப்பின் மாணவராக இருப்பார். அவருக்கு நேரம் குறைவு. ஆகவே ஒரு பக்கப் படிவம் போதும், ஆனால் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. நோயாளிக் குறியீடு, பல் எண்ணும் எந்த முறை என்பதும், பல்லின் எந்தப் பக்கம், ஈறுப்பை ஆழம், பிடிப்பு இழப்பு, கசிவு, வயது, பாலினம், புகை மற்றும் மெல்லும் புகையிலைப் பழக்கம், சர்க்கரை நோய் இருந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவு, அண்மையில் எடுத்த ஆன்டிபயாடிக், மற்ற மருந்துகள் எல்லாம் வேண்டும். மருந்துப் பட்டியலை அலட்சியப்படுத்தக் கூடாது. வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபைன், உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரும் சைக்ளோஸ்போரின் ஆகிய மூன்றுமே ஈறைத் தடிக்க வைக்கக்கூடியவை.

மரப்பு ஊசியையும் எழுதச் சொல்லுங்கள். மரப்பு மருந்தோடு பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். அதை வெட்டும் இடத்திலேயே போட்டார்களா, தள்ளி நரம்பின் அருகில் போட்டார்களா என்பது எல்லா மாதிரிக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். வெட்டிய நேரம், பாதுகாப்புத் திரவத்தில் போட்ட நேரம் இரண்டும் தனித்தனியாக வேண்டும். எச்சிலில் ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் ஏராளம். துணுக்கை உப்புநீரில் சட்டென்று அலசி, உடனே ஆர்என்ஏலேட்டர் போன்ற திரவத்தில் முழுக்கவேண்டும், அல்லது திரவ நைட்ரஜனில் உறையவைக்கவேண்டும்.

ஈறு நார்ச்சத்து மிகுந்தது, எளிதில் அரைபடாது. மணிகளைக் கொண்டு அதிரவைத்து உடைக்கும் கருவி இருந்தால் ஆர்என்ஏ நன்றாக வரும். பற்கூழ் எடுப்பவர்களுக்கு வேறு தொல்லை: பல்லைப் பிளந்தால்தான் கூழ் கிடைக்கும், பிளப்பதற்குள் நேரம் ஓடுகிறது, துளையிடும் கருவி சூட்டையும் கிளப்புகிறது. எச்சிலிலேயே ஆர்என்ஏ அளக்கப் போகிறோம் என்பவர்களிடம், அதில் பாக்டீரியாவின் ஆர்என்ஏதான் மிகுதி, மனித ஆர்என்ஏ துண்டு துண்டாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆர்என்ஏவின் முழுமையை ஆர்ஐஎன் என்ற 1 முதல் 10 வரையிலான எண் சொல்லும். 7-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கிளினிக்கிலிருந்து வரும் திசுக்களில் 5, 6 என்று வருவதும் உண்டு. எல்லா மாதிரியும் 6-ஆக இருப்பதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. நோய் மாதிரிகள் 5-ஆகவும் ஆரோக்கிய மாதிரிகள் 8-ஆகவும் இருந்தால்தான் கவலை, ஏனென்றால் சிதைவே நோய்போல வேடமிட்டு வரும். வாய் நோய்க்குறியியல் துறையின் மெழுகுக் கட்டிகளில் உள்ள பழைய திசுவைப் பயன்படுத்த விரும்பினால் ஆர்ஐஎன் உதவாது. 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் விழுக்காட்டைச் சொல்லும் டிவி200 என்ற அளவைக் கேளுங்கள்.

நான்காம் படி: எத்தனை மாதிரி, எப்படிப்பட்ட சீக்வென்சிங்

"மூன்றுக்கு மூன்று போதுமா?" என்று கேட்பார்கள். போதாது. 2016-இல் ஈஸ்ட் செல்களில் ஒவ்வொரு நிலைக்கும் 48 பிரதிகள் வைத்துச் செய்த ஓர் ஆய்வு, குறைந்தது 6 உயிரியல் பிரதிகள் (ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி மாதிரிகள்) வேண்டும், சிறிய மாற்றங்களையும் பிடிக்கவேண்டுமென்றால் 12 வேண்டும் என்று பரிந்துரைத்தது. அது ஒரே மரபுள்ள, ஒரே சூழலில் வளர்ந்த ஈஸ்ட். மனிதர்களின் ஈறில் வேறுபாடு அதைவிடப் பல மடங்கு. பணம் அளவாக இருந்தால் ஒரு மாதிரியை ஆழமாகப் படிப்பதைக் காட்டிலும் இன்னும் சில நோயாளிகளைச் சேர்ப்பது நல்லது. மரபணு வெளிப்பாட்டுக்கு மாதிரி ஒன்றுக்கு 2 முதல் 3 கோடி ரீடுகள் (கருவி படித்துத் தரும் துண்டு வரிசைகள்) பொதுவாகப் போதும்.

நல்ல ஆர்என்ஏ என்றால், நுனியில் பாலி-ஏ வால் உள்ள ஆர்என்ஏவை மட்டும் பிடித்தெடுக்கும் பாலி-ஏ முறை. பாக்டீரியா ஆர்என்ஏவின் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிடும். சிதைந்த ஆர்என்ஏ என்றால் ரைபோசோம் ஆர்என்ஏவை நீக்கும் முறை. அதில் பல்லில் படியும் பிளாக்கிலிருந்து ஒட்டிவந்த பாக்டீரியாவின் ரீடுகளும் சேர்ந்து வரும். ஆகவே ஆழத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். எந்த முறையானாலும் எல்லா மாதிரிக்கும் அதுவே. ஆரோக்கிய மாதிரிகள் ஒரு நாளும் நோய் மாதிரிகள் இன்னொரு நாளும் ஆய்வகத்துக்குப் போகக் கூடாது. கலந்து அனுப்புங்கள், ஒரே நோயாளியின் இணை மாதிரிகள் ஒரே தொகுதியில் போகட்டும்.

ஐந்தாம் படி: கணினி ஏற்பாடு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எந்தத் துறையிலும் செய்வதுதான் இங்கேயும். ரீடுகளை மனித மரபணுத்தொகையோடு ஸ்டார் மென்பொருளில் பொருத்த ஏறத்தாழ 32 ஜிபி நினைவகம் வேண்டும். சால்மன் என்ற மென்பொருளுக்கு அதைவிட மிகக் குறைவு. கல்லூரியில் ஒரு நல்ல கணினிதான் இருக்கிறதென்றால் சால்மனே போதும். அதன் முடிவை டிஎக்ஸ்இம்போர்ட் என்ற நிரல்தொகுப்பு வழியாக ஆர் என்ற புள்ளியியல் மொழிக்குள் கொண்டுவரலாம். எந்த ஜென்கோடு (மரபணு விவரப் பட்டியல்) பதிப்பு, எந்த மென்பொருள் பதிப்பு என்பதை முதல் நாளே எழுதிவைத்து, திட்டம் முடியும்வரை மாற்றாதீர்கள். படிகளைத் தானாக வரிசையில் ஓட்டும் வேலைத்தொடருக்கு நெக்ஸ்ட்ஃப்ளோ அல்லது ஸ்னேக்மேக், நிரல்களின் மாற்றங்களைப் பதிந்துவைக்க கிட். மூலக் கோப்புகளை யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, இன்னொரு இடத்தில் நகலும் வைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: தரம் பார்ப்பதும் ஆள் மாறாட்டம் கண்டுபிடிப்பதும்

ரீடுகளின் தரத்தைக் காட்டும் ஃபாஸ்ட்க்யூசி, மல்டிக்யூசி அறிக்கைகளை எல்லோரும் பார்ப்பார்கள். வாய்த் திசுவுக்கென்றே சில சோதனைகள் இருக்கின்றன. அவைதான் அதிகம் கைகொடுக்கும்.

முதலாவது பாலினம். எக்ஸிஸ்ட் என்ற மரபணு பெண்களில் மட்டும் பளிச்சென்று தெரியும். ஆர்பிஎஸ்4ஒய்1 ஒய் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களில் மட்டும் தெரியும். இரண்டையும் ஒரு படத்தில் போட்டுப் படிவத்தோடு ஒப்பிடுங்கள். மாதிரி மாறியிருந்தால் பாதி நேரம் இங்கேயே பிடிபடும். ஆணுக்கும் ஆணுக்கும் மாறியிருந்தால் இதில் தெரியாது. அதற்கு ரீடுகளிலிருந்தே மரபு வேறுபாடுகளைப் படித்து, ஒரே நோயாளியின் இரு மாதிரிகளும் உண்மையில் ஒரே ஆளுடையவைதானா என்று பார்க்கவேண்டும். இணை மாதிரிகளை நம்பியிருக்கும் ஆய்வில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

இரண்டாவது இரத்தம். அழற்சியுள்ள ஈறு தொட்டாலே கசியும் என்பதால் ஹீமோகுளோபின் மரபணுக்களான ஹெச்பிபி, ஹெச்பிஏ1 ஆகியவை நோய் மாதிரிகளில் ஏறியிருக்கலாம். அது நோயின் உயிரியல் இல்லை, சரியாக அலசாத துணுக்கு.

மூன்றாவது எபிதீலியம். கெரட்டின் மரபணுக்களின் மொத்த அளவை மாதிரிவாரியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு மாதிரிகளில் கெரட்டினே இல்லையென்றால் அங்கே எபிதீலியம் வெட்டப்படவில்லை என்று பொருள். நான்காவது, மனித மரபணுத்தொகையில் பொருந்தாத ரீடுகள். அவற்றை க்ராக்கன்2 போன்ற மென்பொருளில் ஓட்டினால் எந்த பாக்டீரியா என்று தெரியும். வாய் பாக்டீரியாக்களுக்கென்று ஃபோர்சைத் நிறுவனம் நடத்தும் மனித வாய் நுண்ணுயிர்த் தரவுத்தளம் இருக்கிறது, பெயர்களைச் சரிபார்க்க அதையே பயன்படுத்துங்கள்.

இவற்றுக்குப் பிறகுதான், மாதிரிகளுக்கு இடையிலான பெரிய வேறுபாடுகளை ஓரிரு அச்சுகளில் சுருக்கிக் காட்டும் முதன்மைக் கூறு வரைபடம். அதை நோய் நிலை, ஆய்வகத் தொகுதி, ஆர்ஐஎன், கெரட்டின் அளவு, திசு எடுத்த மருத்துவர் என்று ஒவ்வொன்றாக நிறமிட்டுப் பாருங்கள். முதல் அச்சில் மாதிரிகள் எதன்படி பிரிகின்றன என்பதை அடுத்த கூட்டத்தில் மருத்துவர்களுக்குக் காட்டுங்கள். கத்தியின் ஆழம் முதல் அச்சாக வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்தவர்கள், அடுத்த தொகுதி மாதிரிகளை மிகுந்த கவனத்தோடு எடுக்கிறார்கள்.

ஏழாம் படி: ஒப்பீடு

கொலம்பியாத் தரவுக்குத் திரும்புவோம். அது அஃபிமெட்ரிக்ஸ் யு133 பிளஸ் 2.0 சில்லில் அளந்த பழைய மைக்ரோஅரே தரவு, 54,675 புரோப்செட்டுகள் (மரபணுக்களை அளக்கும் புள்ளித் தொகுதிகள்) கொண்டது. அதனால் ஆர் மொழியின் லிம்மா என்ற நிரல்தொகுப்பு பொருத்தம். புதிய சீக்வென்சிங் எண்ணிக்கைத் தரவாக இருந்தால் டெஸெக்2, எட்ஜ்ஆர், லிம்மா-வூம் ஆகிய மூன்றில் எதுவும் சரி.

310 மாதிரிகளையும் 310 தனித்தனி மனிதர்களாக நினைத்து ஓட்டுவதுதான் இங்கே பரவலாக நடக்கும் பிழை. இருப்பவர்கள் 120 பேர். ஒருவரின் மாதிரிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அதை மறைத்துவிட்டால் நம்பகத்தன்மை பொய்யாக ஏறும். வாய்ப்புகள் இரண்டு. ஒவ்வொரு நோயாளிக்கும் சரியாக ஓர் இணை இருந்தால், புள்ளியியல் சூத்திரத்தில் "நோயாளி + நிலை" என்று இரண்டையும் எழுதுங்கள். நோயாளிக்கு நோயாளி உள்ள வேறுபாடு அப்படியே விலகிவிடும். ஆனால் நோய் மாதிரி மட்டும் தந்தவர்கள் இந்த முறையில் ஒப்பீட்டுக்கு எதையும் தரமாட்டார்கள். இந்தத் தரவில் அப்படிப்பட்டவர்கள் நிறைய என்பதை 241, 69 என்ற எண்களே காட்டுகின்றன. அவர்களையும் பயன்படுத்த, லிம்மாவில் நோயாளியைத் தொகுதியாகக் கொடுத்து உள்தொடர்பைக் கணிக்கும் டூப்ளிகேட்கோரிலேஷன் என்ற வசதியை எடுங்கள்.

ஆர் மொழியில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. நோயாளிக் குறியீடு 1, 2, 3 என்று எண்ணாக இருந்தால், ஆர் அதை அளவாக எடுத்துக்கொள்ளும். முப்பதாவது நோயாளிக்கு முதல் நோயாளியைவிட முப்பது மடங்கு ஏதோ இருப்பதுபோலக் கணக்குப் போடும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து வகையாக மாற்றிவிடுங்கள். அடுத்தது, எதை அடிப்படையாக வைத்து ஒப்பிடுவது என்பதை நாம் சொல்லாவிட்டால் ஆர் அகரவரிசைப்படி முதல் பெயரை எடுத்துக்கொள்ளும். ஆங்கில அகரவரிசையில் 'டிசீஸ்டு' என்பது 'ஹெல்தி'க்கு முன்னால் வருவதால் கூடியதெல்லாம் குறைந்ததாகவும் குறைந்ததெல்லாம் கூடியதாகவும் தலைகீழாக வந்து நிற்கும். ஐஎல்1பி போன்ற அழற்சி மரபணு நோயில் குறைவதாகக் காட்டினால் உடனே இதைச் சோதியுங்கள்.

20,000 மரபணுக்களைச் சோதித்தால் எந்த வேறுபாடும் இல்லாத நிலையிலும் ஏறத்தாழ 1,000 மரபணுக்களின் பி-மதிப்பு தற்செயலாகவே 0.05-க்குக் கீழ் வரும். ஆகவே இதை ஈடுகட்டும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் திருத்தத்துக்குப் பின் உள்ள மதிப்பை மட்டுமே அறிக்கையில் வையுங்கள், திருத்தாத மதிப்பை மருத்துவரின் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மாற்றத்தின் அளவையும் சேர்த்துக் காட்டுங்கள். 310 மாதிரி இருக்கும்போது மிகச் சிறிய மாற்றம்கூடத் திருத்தத்தைத் தாண்டி வந்துவிடும்.

இதே குழுவின் முந்தைய தரவான ஜிஎஸ்இ10334-இல் 247 மாதிரிகள் இருக்கின்றன. ஒன்றில் கண்டதை இன்னொன்றில் உறுதிப்படுத்திவிட்டோம் என்று எழுதத் தோன்றும். இரண்டும் ஒரே கிளினிக்கின் ஆய்வுத் தொடரிலிருந்து வந்தவை. அதே நோயாளிகள் இரண்டிலும் இருக்கிறார்களா என்று மாதிரி மாதிரியாகப் பார்க்காமல் அப்படி எழுதக் கூடாது. உறுதிப்படுத்தலுக்கு வேறு குழு, வேறு ஊர், வேறு நோயாளிகள் வேண்டும்.

எட்டாம் படி: மாறியது மரபணுவா, செல் கலவையா?

நான் மிக அதிக நேரம் செலவிடச் சொல்வது இங்கேதான்.

பெரியோடான்டைடிஸ் பட்டியலை ஓட்டிப் பார்த்தால் உச்சியில், பிளாஸ்மா செல்கள் சுரக்கும் எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினின் மரபணுக்கள் வரிசையாக நிற்கும். எம்இசட்பி1 போன்ற பிளாஸ்மா செல் மரபணுக்கள், சிஎக்ஸ்சிஎல்8 போன்ற நியூட்ரோஃபில் அழைப்பு மரபணுக்கள் தொடரும். கீழே கெரட்டினும் மேல்தோல் முதிர்ச்சியும் சார்ந்தவை குறைந்திருக்கும். இதைப் பார்த்து "ஈறுநோயில் இம்யூனோகுளோபுலின் வெளிப்பாடு தூண்டப்படுகிறது" என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மை. எந்தச் செல்லும் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளாமல், பிளாஸ்மா செல்கள் கூட்டமாக வந்து குடியேறியிருந்தாலே இதே பட்டியல்தான் வரும். நுண்ணோக்கியில் ஒரு நோய்க்குறியியலாளர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வதை நாம் லட்சக்கணக்கில் செலவழித்துச் சொல்லியிருப்போம்.

மரபணு தூண்டப்பட்டதா, செல் வந்து சேர்ந்ததா என்று பிரிக்க முதலில் ஒரு செல் வகைக்கே உரிய மரபணுக்களைக் கூட்டாகப் பாருங்கள். பிளாஸ்மா செல்லுக்குரிய பத்து மரபணுக்களும் ஒரே அளவில் கூடியிருந்தால் அது செல் வருகை. அவற்றில் ஒன்று மட்டும் தனியாக எகிறியிருந்தால் அது கவனிக்கத்தக்கது. அப்புறம் செல் விகிதத்தைக் கணிக்கும் முறைகள். சைபர்சார்ட் புகழ்பெற்றது. ஆனால் அதோடு வரும் எல்எம்22 என்ற மேற்கோள் அட்டவணையில் இருப்பவை 22 வகை எதிர்ப்புச் செல்கள் மட்டுமே. எபிதீலியமும் இல்லை, ஃபைப்ரோபிளாஸ்ட்டும் இல்லை. ஈறின் பெரும்பகுதியே அவைதான். ஆகவே அந்த அட்டவணையை ஈறுக்கு அப்படியே போட்டால் விகிதங்களுக்குப் பொருள் இருக்காது. அமெரிக்க அரசின் பல் ஆய்வு நிறுவனமான என்ஐடிசிஆர் குழு 2021-இல் 'செல்' இதழில் மனித வாய்ச் சளிச்சவ்வின் தனிச்செல் வரைபடத்தை வெளியிட்டது. அதில் ஆரோக்கியமானவர்களின் ஈறும் நோயாளிகளின் ஈறும் இரண்டும் உண்டு. மேற்கோள் அட்டவணையை அந்தத் தரவிலிருந்து நீங்களே கட்டுவது நல்லது. நியூட்ரோஃபில்லில் ஆர்என்ஏ குறைவு, அதைச் சிதைக்கும் நொதி அதிகம் என்பதால் எந்த முறையிலும் அதன் பங்கு குறைத்தே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிடைத்த செல் விகிதத்தைச் சூத்திரத்தில் சேர்க்கலாமா? இதில் கருத்து வேறுபாடு உண்டு. சேர்த்தால் செல்களின் உள்ளே நடக்கும் மாற்றம் தெளிவாகத் தெரியும். ஆனால் செல்கள் வந்து சேர்வதே நோயின் ஒரு பகுதி என்பதால், நோயின் ஒரு துண்டையே கழித்துவிட்டதாகவும் ஆகும். இரண்டையும் செய்து, இரண்டு பட்டியலையும் அருகருகே கொடுப்பதே நேர்மை என்பது என் முடிவு. திருத்தத்துக்குப் பின்னும் நிற்கும் மரபணுக்களை அடுத்த சோதனைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

ஒன்பதாம் படி: பாதைகளும் பட்டியல்களும்

பட்டியலிலுள்ள மரபணுக்கள் எந்த உயிரியல் செயல்களில் குவிகின்றன என்று பார்க்கும் பாதைப் பகுப்பாய்வில் பின்னணியாக எல்லா மனித மரபணுக்களையும் கொடுக்காதீர்கள். ஈறில் வெளிப்படும் மரபணுக்களை மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் எந்த ஈறு மாதிரியை எடுத்தாலும் "கெரட்டின் உருவாக்கம்" முதலிடத்தில் வந்து நிற்கும். வெட்டுப்புள்ளி வைக்காமல் முழு வரிசையையும் பயன்படுத்தும் ஜிஎஸ்இஏ முறை பெரும்பாலும் நம்பகமானது.

பட்டியலை எக்செல் கோப்பாகக் கேட்பார்கள். பழைய பெயர்களான மார்ச்1, செப்ட்2 போன்றவற்றை எக்செல் தேதியாக மாற்றிவிடும். இதற்காகவே மனித மரபணுப் பெயரிடல் குழு 2020-இல் அவற்றின் பெயர்களை மாற்றியது. பழைய தரவில் பழைய பெயர்கள்தான் இருக்கும், ஆகவே என்செம்பிள் தரவுத்தளம் தரும் மரபணு எண்ணையும் பக்கத்து நெடுவரிசையில் கொடுங்கள்.

பத்தாம் படி: மருத்துவரோடு உட்கார்ந்து படிப்பது

மரபணு அளவுகளை நிறங்களில் காட்டும் வெப்பப் படத்தைத் திரையில் போட்டு முடித்துவிடாதீர்கள். முக்கியமான ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு படம் வரையுங்கள்: இடப்பக்கம் ஆரோக்கிய இடம், வலப்பக்கம் நோய் இடம், ஒவ்வொரு நோயாளியின் இரு புள்ளிகளையும் இணைக்கும் ஒரு கோடு. எல்லாக் கோடுகளும் மேலேறுகின்றனவா, நான்கு பேர் மட்டும் எகிறி மற்றவர்கள் அசையாமல் இருக்கிறார்களா என்பது உடனே தெரியும். "அந்த நான்கு பேருக்கும் சர்க்கரை நோய் உண்டு" என்று மருத்துவரே சொல்லும் தருணம் அங்கேதான் வரும். அது ரீடுகளிலிருந்து நம்மால் கண்டுபிடிக்க முடியாத தகவல்.

ஒவ்வொரு மரபணுவையும் தனியாக அளக்கும் குவான்டிடேட்டிவ் பிசிஆரில் சரிபார்க்கவேண்டும் என்று ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர் சொன்னால், எந்த ஆர்என்ஏவில் என்று கேளுங்கள். அதே ஆர்என்ஏவில் செய்தால் அளவீடு சரி என்பது மட்டும் உறுதியாகும். கண்டுபிடிப்பு உறுதியாக வேண்டுமென்றால் புதிய நோயாளிகள் வேண்டும். ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஹெச் ஒன்றை மட்டும் நம்பவேண்டாம். உங்கள் சீக்வென்சிங் தரவிலேயே இரு நிலையிலும் அசையாத இரண்டு மூன்று மரபணுக்களைத் தேர்ந்து கொடுங்கள். 2009-இல் வந்த எம்ஐக்யூஇ என்ற பிசிஆர் நெறிமுறைகளும் அதையே கேட்கின்றன. பல் மருத்துவக் கல்லூரியில் இருப்பதன் பெரிய நன்மை, நோய்க்குறியியல் துறை அதே கட்டடத்தில் இருக்கும். அந்தப் புரதத்துக்கு இம்யூனோ சாயமேற்றி வெட்டுத்துண்டைப் பார்த்தால் எந்தச் செல்லில் இருக்கிறது என்றே தெரிந்துவிடும். எட்டாம் படியின் கேள்விக்கு அதைவிட நேரடியான விடை கிடையாது.

ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயர் எங்கே என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். வடிவமைப்பிலிருந்து எழுதுவது வரை உடனிருந்தவர் ஆசிரியர்தான். கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

பதினோராம் படி: தரவைப் பகிர்வது

இதற்கான வேலை ஒப்புதல் படிவத்தில் தொடங்குகிறது. மனித ரீடுகளில் அந்த மனிதரின் மரபு வேறுபாடுகள் பதிந்திருக்கும், ஆகவே பெயரை நீக்கினாலும் முழுமையாக அடையாளமற்றதாகாது. தரவு பிற ஆய்வாளர்களோடு பகிரப்படும் என்ற வரி நோயாளி கையெழுத்திட்ட படிவத்தில் இருக்கிறதா என்று முதல் மாதிரி எடுக்குமுன்பே பாருங்கள். இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகளின்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஹெச் நிதியில் நடக்கும் ஆய்வென்றால் 2023 ஜனவரி 25 முதல் தரவு மேலாண்மைத் திட்டத்தை விண்ணப்பத்தோடே தரவேண்டும்.

எண்ணிக்கை அட்டவணையை ஜிஇஓவில் திறந்து வைக்கலாம். மூல ரீடுகளை அனுமதி பெற்றே பார்க்கக்கூடிய டிபிகேப் போன்ற களஞ்சியத்தில் வையுங்கள். இந்தியாவில் எடுத்த தரவுக்கு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. மாதிரி விவர அட்டவணையில் எந்த இரு மாதிரிகள் ஒரே நோயாளியுடையவை என்று காட்டும் குறியீடு, பல் எண்ணும் எண் முறையும், ஈறுப்பை ஆழம், கசிவு, ஆர்ஐஎன், ஆய்வகத் தொகுதி ஆகியவற்றையும் சேர்த்தே ஏற்றுங்கள். வயதைச் சரியான எண்ணாகத் தராமல் ஐந்தாண்டு இடைவெளிகளாகக் கொடுத்தால் அடையாளம் தெரியும் ஆபத்து குறையும், ஆய்வுக்கும் போதுமானதாக இருக்கும். நோயாளியை இணைக்கும் அந்த ஒரு நெடுவரிசை விடுபட்டுப்போன பொதுத் தரவுகள் பல இருக்கின்றன. எவ்வளவு நல்ல திசுவாக இருந்தாலும் அவற்றில் இணை ஒப்பீடு செய்ய வழியே இல்லை.